வாழைவெட்டு வாளைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக, விசயதசமியன்று ஊர்க் கோயிலின் வாழைவெட்டுக்கு (சுவாமி முன் வாழைமரத்தை வாளால் வெட்டும் சடங்குக்கு) வாள் கொடுத்து வருகிறது. அப்பா காலமான பின் அது என் பொறுப்புக்கு வந்துள்ளது. அலகெல்லாம் துருவேறி, பித்தளைப் பிடியும் ஆடுகிறது. கிறைண்டரில் பிடித்து மினுக்கித் தருவதாகப் பட்டறையிற் சொல்கிறார்கள். அதே பெட்டியின் அடியில் அப்புவின் (பாட்டனாரின்) இடியன் துவக்கு ஒன்றும் கிடக்கிறது. இரண்டையும் துப்புரவாக்கி வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், கோப்பாய்)

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலிற் பதில் சொல்ல வேண்டும். துவக்கைத் துப்புரவாக்க வேண்டாம். கிடக்கும் இடத்திலிருந்து அசைக்கவும் வேண்டாம். இடியன் துவக்கு குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்து இடிக்கப்படுவதால், உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. மருந்து இடித்தபடியே பரணில் வைத்து மறக்கப்பட்ட துவக்குகள் பல. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவை சேர்ந்த அந்தக் கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழிந்தும் தன் வேகத்தை இழப்பதில்லை. மேலும், 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் உரியவரின் பெயருக்கே வழங்கப்படுகிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். எனவே அப்புவிடம் அனுமதி இருந்திருந்தாலும் அது உங்களுக்கு உரியதாகிவிடாது. கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் தெரிவித்து, அவர்களே வந்து எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். நீங்களாகச் சுமந்துகொண்டு போக வேண்டாம்.

இனி வாள். அதைக் கிறைண்டருக்குக் கொடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சுழலும் கல் பட்டதும் அலகின் விளிம்பு சில நொடிகளில் சூடேறுகிறது. வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டும்போது உருக்கு நீலம் பாரிக்கும், அந்த இடத்தில் கொல்லன் தோய்த்து ஏற்றிய வன்மையும் குறைந்துவிடும். இப்படி நீலக்கறை படிந்த பழைய வாள் ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அலகிலிருந்த முத்திரை பாதி அழிந்துபோயிருந்தது. எவராலும் அதை மீட்டுத் தர முடியவில்லை. 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆண்ட இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், உள்ளூர்ப் பிடியில் ஐரோப்பிய அலகு பொருத்திய வாள்களும் இருந்திருக்கக்கூடும். ஆதலால் எதையும் தேய்ப்பதற்கு முன், பிடியை ஒட்டிய பகுதியை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்து, எழுத்தோ குறியோ தென்பட்டாற் படமெடுத்து, நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் விசாரியுங்கள்.

துருவில் இரண்டு வகை உண்டு. வெள்ளைத் துணியால் அலகை மெல்லத் துடைத்தபோது செம்மஞ்சள் நிறப் பொடி ஒட்டினால், அது இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் துரு. அதை அகற்ற வேண்டும். துணியில் ஒட்டாமல் இறுகப் படிந்திருக்கும் கருநிறப் படலத்தை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் அலகுக்குக் காப்பாகவே இருக்கும். செந்துருவின் மேல் மண்ணெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ தடவி, நெருப்பு அண்டாத இடத்தில் ஓர் இரவு ஊறவிட்டு, மூங்கிற் சீவலால் வழித்தெடுங்கள். புளி, தேசிக்காய், எமரித் தாள் ஆகிய மூன்றும் வேண்டாம். புளிப்பு நல்ல இரும்பையும் அரிக்கும். தாள் இட்ட கீறல்களில் அடுத்த துரு குடியேறும்.

உங்கள் வாள் ஏன் இப்படித் துருவேறியது என்பதை நான் ஊகிக்கிறேன். வாழைக்கயரில், அதாவது வாழையின் கறைபடுத்தும் சாற்றில், உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுக்கும். கடுக்காயோடு இரும்புச் சத்தைச் சேர்த்து முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். வாழையை வெட்டிய கையோடு, சந்தனமும் குங்குமமும் கயருமாக வாள் உறைக்குள் போகிறது. அதைத் தொடர்ந்து ஐப்பசி, கார்த்திகை மாரி வருகிறது. ஆண்டின் மிக ஈரமான மாதங்களை அலகு அந்த நனைந்த உறைக்குள்ளேயே கழிக்கிறது. இனிமேல் சுவாமி இருப்பிடம் திரும்புவதற்கு முன்பே அலகை ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றி, எண்ணெய் பூசிவிடுங்கள். இந்த ஒரு வேலை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

பூசுவதற்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஏற்றவையல்ல. முன்னது நாளடைவிற் பிசினாக இறுகும், பின்னது காறிப் புளிப்பேறும். தையல் இயந்திர எண்ணெய் துணியில் ஒற்றிய அளவுக்கு மெல்லியதாக இருந்தாற் போதும். தோலுறை ஈரத்தையும், பதனிட்ட பட்டையின் துவர்ப்பையும் பிடித்து வைத்திருப்பதால், உறையை வேறாகவும் வாளை வேறாகவும் வையுங்கள். வாளை எண்ணெய் தொட்ட பருத்தித் துணியிற் சுற்றி, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஜெல் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் வைக்கலாம். சோளகம் வீசும் மாதங்களிற் கடலுப்பு காற்றோடு வரும். கையின் வியர்வையிலும் உப்பு உண்டு. ஆகவே கையுறையோடு தொடுவது நல்லது.

பிடி ஆடுவதுதான் எனக்குப் பெருங்கவலை. பித்தளைப் பிடிகளினுள் அலகின் வாலை அரக்கு ஊற்றிப் பிடிக்க வைப்பது பழைய முறை. அந்த அரக்கு காய்ந்து நொறுங்கியிருக்கக்கூடும். சனம் நெருங்கி நிற்கும் வீதியில், ஓங்கிய வாளின் அலகு பிடியை விட்டுக் கழன்று பறந்தால் என்ன ஆகும்? இரசாயனப் பசைகளை ஊற்றி இறுக்கினால் பின்னர் கழற்றவே முடியாது. அரக்கு கொதிநீரின் சூட்டுக்கும் குறைவான வெப்பத்திலேயே இளகுவதால், அந்த வேலை தெரிந்த கொல்லர் ஒருவர் அலகுக்குக் கேடில்லாமல் அதை மீளப் பதிக்க முடியும். அப்படியொருவர் கிடைக்கும் வரை இந்த வாளைப் பூசையில் மட்டும் வைத்து, வெட்டுக்குப் புதிய வாள் ஒன்றைச் செய்வித்துக் கொடுங்கள் என்பதே என் முடிவு. குடும்பத்தின் உரிமை அதனாற் குறையாது.

எந்த வாளாயினும், வாள்வெட்டுச் சம்பவங்களால் வீதியிற் சோதனை கடுமையாக உள்ள இக்காலத்தில், அதை உறையிலிட்டுத் துணியாற் சுற்றி, ஆலய பரிபாலன சபையின் கடிதத்தோடு கொண்டு செல்லுங்கள். திருவிழாவுக்கு முன்பே பொலிஸ் நிலையத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.