பாலத்துக்கு அடியில் கம்பி தெரிகிறது: பூசினால் போதுமா?

கேள்வி: சோழவந்தான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊருக்குள் வர வாய்க்கால் மேல் ஒரே ஒரு சின்னப் பாலம்தான். அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஊர்ப் பொதுப்பணத்தில் சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நடந்துபோக, இதே பாலத்தை ஓரத்தில் நீட்டி நடைபாதை கட்டலாமா?

பதில்: பூச வேண்டாம். பணம் வீணாவதுகூடப் பரவாயில்லை, பூச்சு நோயை மூடி மறைத்துவிடும். இரும்பு துருப்பிடித்தால் ஊதும். பருமன் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. துருவைச் சுரண்டாமல் சாந்தை அப்பினால் உள்ளே அதே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். மேலூர்ப் பக்கம் ஒரு பாலத்தில் இப்படிப் பூசி, வெள்ளையும் அடித்திருந்தார்கள். பார்க்கப் புதுசு. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன், முறம் அளவுக்குக் கழன்று விழுந்தது.

இந்தத் தட்டிப் பார்க்கும் வேலையை நீங்களும் செய்யலாம், நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள். மானாமதுரைப் பானையை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே கணக்குதான். ‘ணங்’ என்றால் கெட்டி. ‘தொப்’ என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு வெர்னியரால் (மில்லிமீட்டரின் பின்னம்வரை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். 12 மி.மீ. கம்பி 10 ஆகியிருந்தால், போனது 2 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 30 சதவீதம் போய்விட்டது. பலமும் அதே அளவு குறைந்துவிட்டது. அந்த நிலையில் புதுக் கம்பி சேர்த்தே ஆகவேண்டும். அதுவரை டிப்பர் லாரியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கம்பியைவிட எனக்குப் பயம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுதான். இந்த மாதிரிப் பாலங்கள் நடுவில் ஒடிவதைவிட, காலடி மண் அரித்துப்போய்ச் சாய்வதுதான் அதிகம். மதுரை ஏ.வி. பாலம் 1889 முதல் வைகை வெள்ளத்தைத் தாங்கி நிற்கிறதென்றால், அதன் கால்களுக்கு அடியில் பிடிமானம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியிருக்கும் மாதத்தில் இறங்குங்கள். தண்ணீர் வெளியேறும் பக்கத்தில், பாலத்துக்குக் கீழே வாய்க்கால் தரையில் போட்ட தளம் முடிகிற இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நீளக் கம்பியைத் தளத்துக்கு அடியில் செருகுங்கள். முழங்கை நீளத்துக்குத் தடையில்லாமல் போனால், அங்கே மண் இல்லை. தளம் அந்தரத்தில் இருக்கிறது. விளிம்பில் ஆழமாகத் தடுப்புச் சுவர் இறக்கி, பள்ளத்தில் பெரிய கற்களை அடுக்க வேண்டும். மேலே கம்பி வேலையைத் தொடும் முன்பே இது நடக்க வேண்டும்.

சரி, நடைபாதை. பழைய சிலாப்பிலிருந்து நீட்டுவது வேண்டவே வேண்டாம். வெளியே நீட்டிய பகுதிக்கு மேல்பக்கத்தில் கம்பி வேண்டும். பழைய சின்னப் பாலங்களின் ஓரத்தில் அதற்குத் தக்க கம்பி போட்டிருக்க மாட்டார்கள். சற்றுத் தள்ளி, தனிக் கால்களில் ஓர் இரும்பு நடைபாலம் வையுங்கள். நடைபாதைக்கு, சாலை, பால விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு கேட்பது குறைந்தது 1.8 மீட்டர் அகலம். அவ்வளவு அகலம் விட்டால் பைக்கும் ஏறும். அதை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!

யாரிடம் போவது? சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள். வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்றால், கல் அடுக்கக்கூட அவர்கள் அனுமதி வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். படம் எடுக்கும்போது கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் இல்லாத படத்தைப் பார்த்து ‘லேசான பெயர்ப்பு’ என்று எழுதி ஃபைலை மூடிவிடுவது சுலபம்.