கழிமுகத்தில் யுரேனியம்: கேள்வி பதில்

கே: ஆற்று யுரேனியம் கடலைத் தொட்டதும் அடியில் படிந்துவிடுமா?

ப: பெரும்பாலும் படியாது. ஆக்சிஜன் உள்ள நீரில் அது யுரேனைலாக (ஒரு யுரேனியமும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த அயனி), கார்பனேட்டோடும் கால்சியத்தோடும் சேர்ந்து கரைந்தே இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 3.3 மைக்ரோகிராம், பல ஆறுகளில் அதைவிடக் குறைவு. அதனால் கடலை நெருங்க நெருங்க உப்போடு யுரேனியமும் ஏறும். அதைப் பார்த்ததும் 'ஆலைக் கழிவு' என்று கிளம்பிவிடாதீர்கள்.

கே: கழிமுகத்து மீனைச் சாப்பிடலாமா?

ப: உணவு என் துறை இல்லை. கடல் மீன் எப்போதுமே அந்த 3.3-இல்தான் நீந்துகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கே: அப்படியானால் உப்புத்தன்மையோடு நேர்கோட்டில்தானே ஏற வேண்டும்?

ப: எல்லா இடத்திலும் இல்லை. ஸ்பெயினின் உவெல்வா கழிமுகத்தைப் பாருங்கள். சுரங்கங்களைக் கழுவி வரும் டின்டோ, ஓடியல் ஆறுகளின் நீர் கடும் அமிலம், பி.எச். 3-க்கும் கீழே இறங்கும். கரைந்த யுரேனியமும் அதில் உண்டு. கடல்நீர் கலந்து பி.எச். 4-லிருந்து 6-க்குள் வரும்போது இரும்பு செம்மஞ்சள் துகளாகத் திரண்டு யுரேனியத்தையும் இழுத்துக்கொள்ளும். 6-ஐத் தாண்டினால் கதை திரும்பும்: துகளில் ஒட்டியது மறுபடி நீருக்கு வந்துவிடும்.

கே: அமிலம் குறைந்தால் உலோகம் படியத்தானே வேண்டும்? ஈயம், செம்பு எல்லாம் அப்படித்தானே?

ப: ஈயத்தை அளவுகோலாக்கினால் இங்கே வழி தவறும். தனி யுரேனைலுக்கு மின்னூட்டம் +2. மூன்று கார்பனேட் சேர்ந்தால் −4. பி.எச். ஏற ஏற இரும்புத் துகளின் நேர்மின்னூட்டமும் குறைந்துகொண்டே போகும். அப்புறம் எது எதைப் பிடித்து வைக்கும்?

கே: சரி, கார்பனேட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலையாத்திக் காட்டுச் சேற்றில் யுரேனியம் சேர்கிறதே?

ப: நல்ல கேள்வி. அது வேறு வழி. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருஞ்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. இரும்பையும் சல்பேட்டையும் ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான் கொடுத்து) வாழும் நுண்ணுயிரிகள், நீரில் கரைந்திருக்கும் ஆறு இணைதிற யுரேனியத்தையும் நான்காக ஒடுக்கும். நான்கு இணைதிற யுரேனியம் லேசில் கரையாது, சேற்றிலேயே தங்கும். ஆனால் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். தூர்வாரிக் கிளறி ஆக்சிஜன் பட்டால் மறுபடி கரையும்.

கே: குமரி மாவட்ட மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் யுரேனியம் கரைந்து வருமா?

ப: அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் முக்கியமாக இருக்கும் கதிரியக்கத் தனிமம் தோரியம். கூடவே இருக்கும் கொஞ்சம் யுரேனியமும் கனிமத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. எளிதில் கரையாது.

கே: மீன் சாப்பிடலாமா?

ப: மேலே பார்க்கவும்.

கே: மாதிரி நீரை எடுத்ததும் அமிலம் விட்டுவிடலாமா?

ப: கூடவே கூடாது! முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டி, பிறகுதான் நைட்ரிக் அமிலம். வரிசை மாறினால் துகளில் ஒட்டியதும் கரைந்து கணக்கில் ஏறிவிடும்.

கே: வடிகட்ட நேரமில்லை என்றால்?

ப: மாதிரியே எடுக்காதீர்கள்.