முகவர் இல்லாமல் மறுவிற்பனை வீடு: அந்த 3,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீடு பிடித்துவிட்டது, முகவர் இல்லை, சீன உரிமையாளர் 'பிடித்து வைக்க' 3,000 வெள்ளி கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி, ஆப்ஷன், அதாவது வீட்டை உங்களுக்கே விற்பதாக உரிமையாளர் தரும் பத்திரம், வாங்கும்போது அதிகபட்சம் 1,000 வெள்ளிதான். 21 நாளுக்குள் அதை உறுதிசெய்யும்போது கொடுப்பதையும் சேர்த்து 5,000-ஐத் தாண்டக்கூடாது. அதற்கும் முதலில் உங்கள் கையில் வீவக தகுதிக் கடிதம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஆட்கள் பலர் கோட்டை விடும் இடம்: இன ஒதுக்கீடு, அதாவது ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தாருக்கும் உள்ள உச்ச வரம்பு. அந்த புளோக்கில் இந்தியர் விகிதம் நிரம்பியிருந்தால் அந்தச் சீன உரிமையாளரிடம் இந்தியரான நீங்கள் வாங்கவே முடியாது. வீவக இணையத்தளத்தில் இன்றே பாருங்கள், மாதா மாதம் ஒன்றாம் தேதி மாறும்.

விலையையும் அங்கேயே பக்கத்து புளோக்குகள் விற்ற விலையோடு ஒப்பிடுங்கள். வீவக மதிப்பீட்டுக்கு மேல் போகும் தொகைக்கு மசேநி (மத்திய சேம நிதி), கடன் எதுவும் உதவாது, முழுக்க ரொக்கம்.

பத்திர வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை, நானும் முகவர் இல்லாமல்தான் வாங்கினேன். கோட்டை விட்டது வீட்டைப் பார்ப்பதில்தான். குளியலறைக் கூரையில் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. நான் அசடு, கேட்கவில்லை. குடிபோன இரண்டாம் மாதம் அதே இடத்தில் மேல்வீட்டுத் தண்ணீர் சொட்டியது. மறுபடி பார்க்கப் போகும்போது ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறித் தொட்டுப் பாருங்கள்.