சந்தா நின்றுவிட்டால் பழைய மின்னிதழ்கள் நூலகத்துக்குக் கிடைக்குமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சந்தா கட்டி நாம் பெரும்பாலும் பெறுவது பார்க்கும் அனுமதி மட்டுமே. பணம் கட்டிய ஆண்டுகளுக்கு 'நிரந்தர அணுகல்' உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். 2025 ஜனவரியில், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தரும் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டதே என்று பழைய ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் கழித்துவிடாதீர்கள். உரிமைக்கு அவைதான் சான்று. பதிப்பகமே மூடப்பட்டால்? இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற இணையப் பட்டியலில் தேடினால், போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற எந்த மின்காப்பகத்தில் எந்தத் தொகுதிகள் உள்ளன என்று தெரியும்.

என்னைக் கேட்டால், அதிக ஆபத்து பல்கலைக்கழகமே நடத்தும் இதழ்களுக்குத்தான். ஓஜேஎஸ் என்ற இதழ் வெளியீட்டு மென்பொருளில் வெளியிடுபவர்கள் பலர் தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுக்கிறார்கள். கட்டுரைக் கோப்புகள் அதில் இருக்காது. அவை 'ஃபைல்ஸ்' கோப்புறையில் தனியே கிடக்கும். தரவுத்தளம், அந்தக் கோப்புறை, 'பப்ளிக்' கோப்புறை, கன்ஃபிக் (அமைவு) கோப்பு நான்கையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்றாவது சென்னைக்கு வெளியே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் தரைத்தளத்து சர்வர் அறையை நம்ப முடியாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 செக்சம் (கோப்பு சிதைந்தால் மாறிவிடும் சரிபார்ப்புக் குறியீடு) எடுத்து, ஆண்டுக்கு இருமுறை ஒப்பிடுங்கள். வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தமிழ் இதழ்களுக்கு இன்னொரு சிக்கல்: பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப், எழுத்துரு உட்பொதியாவிட்டால் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ வடிவமாக ஆக்கினால் தோற்றம் பிழைக்கும், தேடல் பிழைக்காது. அதற்கு மூலக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.