முடிக்கான செல் சிகிச்சை எப்போது வரும், அதுவரை காத்திருக்கலாமா?

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26, உச்சியில் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. நம்முடைய சொந்தச் செல்லையே எடுத்துப் பெருக்கி ஊசியாகப் போட்டு முடி வளர்க்கும் சிகிச்சை இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களாம். உண்மையிலேயே அதற்குக் காசு போட ஆள் இருக்கிறதா, அதுவரை மருந்து ஒன்றும் தொடாமல் காத்திருக்கலாமா என்பது கேள்வி.

காத்திருக்காதீர்கள் தம்பி. அந்தச் சிகிச்சையின் அறிவியல் உண்மைதான், அது வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறவள் நான். ஆனால் 20 வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு கம்பனியும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறது. மனிதரில் சின்ன அளவில் செய்து பார்த்தாயிற்று, ஆபத்தில்லை என்றும் தெரிந்தாயிற்று, பெரிய பரிசோதனைக்குப் போகவேண்டிய நேரத்தில் காசு தீர்ந்துவிடும்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் தம்பிக்கு 22 வயதிலேயே முடி போகத் தொடங்கியதால் இந்த விஷயத்தைப் பல வருடமாகப் பின்தொடர்ந்து வாசிக்கிறேன். வளர்ந்தது தலவாக்கலை, அப்பா தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவர். அதனால் எனக்கு இதை விபி தேயிலையை வைத்துச் சொல்வதுதான் சுலபம். தாய்ச்செடியிலிருந்து ஒரு இலையும் கணுவுமாகத் துண்டு வெட்டி, பையில் மண் நிரப்பிக் குத்தி, நிழல் கட்டி, ஒன்பது பத்து மாதம் தண்ணீர் காட்டினால் தாயைப் போலவே ஒரு செடி வரும். ஒரு நல்ல தாய்ச்செடி இருந்தால் மலை முழுக்க நட்டுவிடலாம். முடியிலும் இதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். முடி வேரின் அடியில் டெர்மல் பப்பிலா என்று ஒரு சின்னச் செல் குவியல் இருக்கிறது, மேலே உள்ள தோல் செல்களுக்கு "முடியை உண்டாக்கு" என்று கட்டளை கொடுப்பது அதுதான். பரம்பரை வழுக்கையில் டிஎச்டி என்ற ஹோர்மோனால் நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், ஆனால் பின்தலை வேர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அப்படியென்றால் பின்தலையிலிருந்து பயறளவு தோல் எடுத்து, அந்தச் செல்களை ஆய்வகத்தில் லட்சக்கணக்கில் பெருக்கி, உச்சியில் ஊசி போட்டால் என்ன? யோசனை அவ்வளவுதான்.

இது வெறும் கற்பனை இல்லை என்று 1999 இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் கொலின் ஜஹோடா காட்டினார். தன் தலையின் முடிவேர் உறையிலிருந்து கொஞ்சம் எடுத்து, தன் மனைவியும் சக ஆய்வாளருமான அமண்டா ரெனோல்ட்ஸின் கையில் வைத்தார். அங்கே முடி முளைத்தது. ஆணின் செல், பெண்ணின் கை, உடம்பு அதை வெளியே தள்ளவும் இல்லை. இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, இன்னும் ஐந்து வருடத்தில் தம்பிக்குச் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பிரச்சினை எங்கே என்றால், ஜஹோடா செல்லைப் பெருக்கவில்லை, எடுத்ததை அப்படியே வைத்தார். ஆய்வகத் தட்டில் போட்டுப் பெருக்கினால் இந்தச் செல்கள் தட்டையாகப் பரவி, ஒன்றோடொன்று குவிந்திருக்கும் பழக்கத்தை இழந்து, சில தடவைக்குள் தாங்கள் யார் என்பதையே மறந்துவிடுகின்றன. விபி தேயிலை நர்சரியில் தன் குணத்தை மறப்பதில்லை, முடிச்செல் மறக்கிறது. 2013 இல் ஜஹோடாவும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் சேர்ந்து, தட்டில் பரவ விடாமல் செல்களைத் தொங்கும் துளிக்குள் உருண்டையாக வளர்த்துப் பார்த்தார்கள். மனிதத் தோல் ஒட்டப்பட்ட எலிகளில், ஏழு பேரிடம் எடுத்த செல்களில் ஐந்து பேருடையது முடி உண்டாக்கியது. ஆனாலும் இழந்த மரபணு வேலையில் 22 சதவீதம்தான் திரும்பியது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான எண் அதுதான், ஏனென்றால் மீதியை மீட்கும் வரைக்கும் எந்தக் கம்பனி என்ன வாக்குக் கொடுத்தாலும் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும்.

சரி, காசுக்கு வருகிறேன். மான்செஸ்டரில் இன்டர்சைடெக்ஸ் என்ற கம்பனி 2000களில் இந்தச் செல் ஊசியை இரண்டாம் கட்டப் பரிசோதனை வரை கொண்டுபோனது. பிறகு கையில் காசில்லாமல் நின்றது. அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது ஜப்பானின் அடெரன்ஸ், அது டோப்பா செய்து விற்கும் பெரிய கம்பனி. அவர்கள் அமெரிக்காவில் ஆய்வுக்கூடம் வைத்து, இரண்டாம் கட்டம் வரை வந்து, 2013 இல் இழுத்து மூடிவிட்டார்கள். 2016 இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்து தகாஷி ட்சுஜியின் குழு கியோசெரா கம்பனியோடு சேர்ந்து 2020 இல் சிகிச்சையைக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2020 வந்தது, போனது, சிகிச்சை வரவில்லை.

நம் பக்கத்தில் சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் நாலைந்து மாதம் எல்லாரும் உற்சாகமாகக் கட்டுவார்கள், இடையில் ரெண்டு பேர் நின்றுவிட்டால் கடைசியில் எடுக்கவேண்டியவருக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலாம் கட்டம் கொஞ்சப் பேரில், ஆபத்து உண்டா என்று பார்ப்பது, அதற்கு ஓரளவு காசு போதும். மூன்றாம் கட்டத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் வேண்டும், பல ஆஸ்பத்திரிகள் வேண்டும், வருடக்கணக்கு வேண்டும். முடி மெதுவாகத்தான் வளரும், ஓய்வு நிலைக்குப் போன வேர் மாதக்கணக்கில் சும்மா இருக்கும், அதனால் ஒரு ஊசியின் பலனைத் தெரிந்துகொள்ளவே ஆறு மாதம், ஒரு வருடம் போகும். அவ்வளவு காலமும் ஆய்வுக்கூடத்துக்குச் சம்பளம் கட்டவேண்டும்.

இன்னொன்று, இதை ஆயிரக்கணக்கில் செய்து பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாது. ஒரு மாத்திரை என்றால் ஒரே தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அடிக்கலாம். இங்கே உங்கள் செல் உங்களுக்கு மட்டும்தான். தனியாக எடுத்து, தனியாக வளர்த்து, கிருமி இருக்கிறதா என்று தனியாகச் சோதித்து, குளிரில் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்துப் பேருக்குச் செய்தாலும் ஆயிரம் பேருக்குச் செய்தாலும் ஒருவருக்கான செலவு பெரிதாக இறங்குவதில்லை. முடி அழகு சம்பந்தப்பட்டது என்று இன்சூரன்ஸும் கொடுக்காது, அதாவது முழுக் காசும் நோயாளியின் கையிலிருந்துதான் வரவேண்டும். முதலீடு செய்கிறவர் இதையெல்லாம் கணக்குப் போடாமல் இருப்பாரா?

எல்லாவற்றிலும் தூரம் போனது ஜப்பானின் ஷிசெய்டோ என்பது என் அபிப்பிராயம். கனடாவின் ரெப்லிசெல் கம்பனியோடு 2013 இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, டோக்கியோவில் இரண்டு பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளோடு 65 பேரில் செய்து பார்த்தார்கள், முடிவு 2020 இல் வெளிவந்தது. அவர்கள் எடுத்தது பப்பிலாவை அல்ல, வேரின் அடியில் கிண்ணம் போலச் சுற்றியிருக்கும் உறையின் செல்லை. ஒரே தலையில் நாலு இடத்தைக் குறித்து மூன்று அளவில் செல்லும் ஓரிடத்தில் வெறும் திரவமும் போட்டார்கள், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் செல் போட்ட இடத்தில் அடர்த்தி கூடியிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஆகக் குறைந்த அளவு, அதாவது 3 லட்சம் செல் போட்ட இடத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கூடுதல் சிறியது, வழுக்கையை மூடுகிற அளவு இல்லை. இந்த ஆய்வுகள் ஏன் ஜப்பானில் கூடுகின்றன என்றால், 2014 இல் அங்கே மறுஉருவாக்க மருத்துவத்துக்குத் தனிச் சட்டம் அமுலுக்கு வந்தது. சொந்தச் செல் சிகிச்சையை ஒரு குழு பரிசீலித்து அனுமதித்தால், மூன்றாம் கட்டம் முடியும் வரை காத்திருக்காமலே ஆஸ்பத்திரியில் கட்டணத்துக்குக் கொடுக்கலாம். நோயாளிக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்பது நல்லது, ஆனால் பலன் முழுதாக நிரூபிக்கப்படாமலே காசு வாங்கலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம், வீடியோக்களில் குழப்பிச் சொல்லப்படும் ஒன்று. அமெரிக்காவின் பெலாஜ் கம்பனிக்கு 2025 அக்டோபரில் 12 கோடி டொலர் முதலீடு கிடைத்தது, "ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பெரிய காசு" என்று நம்மவர்களும் பகிர்ந்தார்கள். பிபி405 என்ற அவர்களது பொருள் செல் சிகிச்சையே இல்லை, தலையில் தடவும் மருந்து. தூங்கிக்கொண்டிருக்கும் வேரின் ஸ்டெம் செல்லை எழுப்புவதுதான் அதன் வேலை. கவ்வாத்து வெட்டிய தேயிலையைப் பார்த்தால் செத்த கட்டை மாதிரி நிற்கும், ஆனால் உள்ளே உயிர் இருக்கிறது, கொஞ்ச மாதத்தில் துளிர்க்கும், அது மாதிரி. 78 பேரில் நடந்த அதன் ட்ரயலில், அதாவது மனிதரில் செய்த பரிசோதனையில், முடி அதிகம் போயிருந்த ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, வெறும் ஜெல் தடவியவர்களில் ஒருவருக்கும் இல்லை. சின்ன ட்ரயல், குறுகிய காலம், இருந்தாலும் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2021 இல் செல்லை அடிப்படையாக வைத்த ஸ்டெம்சன் கம்பனிக்குக் கிடைத்தது ஒன்றரைக் கோடி டொலர். காசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பாருங்கள், குழாயில் அடைத்து விற்கக்கூடிய பொருளின் பக்கம்.

ஆகவே தடவும் மருந்து ஒன்று செல் ஊசிக்கு முந்தி நம் ஊருக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன். செல் ஊசி என்றாலும் முதலில் ஜப்பான் போன்ற இடங்களில், பெரிய விலைக்கு, கொஞ்சம் முடி அடர்த்தி கூட்டும் ஒன்றாகத்தான் கிடைக்கும். முழு வழுக்கையில் புது முடி முளைக்க வைக்கும் செல் சிகிச்சை 2030க்கு முன் நம் ஊர்க்காரர் கைக்கு எட்டும் என்று நான் நம்பவில்லை.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் என் தம்பி. கொழும்பில் ஒரு கிளினிக்கில் "ஸ்டெம் செல் முடி சிகிச்சை" என்று நாலு ஊசிக்கு ஒன்றேகால் லட்சம் ரூபா வாங்கினார்கள். அப்பா வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த ஈபிஎஃப் காசில் ஒரு பகுதி அது. செய்தது என்னவென்றால் கையில் இரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே வந்த மஞ்சள் திரவத்தைத் தலையில் போட்டார்கள். அது பிஆர்பி, அதற்கும் சிலருக்குப் பலன் உண்டு, ஆனால் அதில் முடியை உண்டாக்கும் ஸ்டெம் செல் பெருக்கல் ஒன்றும் இல்லை. செல் பெருக்கவேண்டும் என்றால் தோல் துண்டு எடுக்கவேண்டும், வாரக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவேண்டும், ஒரே காலையில் முடிகிற காரியம் இல்லை. இந்த ஒரு விஷயம் அன்று தெரிந்திருந்தால் அப்பா காசு தப்பியிருக்கும். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

யாராவது செல் சிகிச்சை என்று சொன்னால் எந்தச் செல், எங்கே பெருக்குகிறீர்கள், எத்தனை நாள், எந்தப் பதிவேட்டில் இந்த ட்ரயல் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். இலங்கையில் நடக்கும் ட்ரயல்களுக்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் பதிவேடு 2006 முதல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். ட்ரயலில் சேர்க்கிறோம் என்று சொல்லி உங்களிடமே பெரிய தொகை கேட்டால் சந்தேகப்படுங்கள், பொதுவாக ட்ரயல் செய்கிறவர்தான் செலவைப் பார்ப்பார்.

இப்போதைக்கு உங்கள் வேலை இருக்கிற வேரைக் காப்பாற்றுவது. வேர் முழுதாகத் தேய்ந்துபோனால் நாளைக்கு எந்தத் தடவும் மருந்தும் எழுப்ப ஆள் இருக்காது, அதனால்தான் காத்திருக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே சொன்னேன். தடவும் மருந்தான மினொக்ஸிடில் 1988 இலிருந்தும், ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் மாத்திரை 1997 இலிருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை, இரண்டும் இங்கே பார்மசியில் கிடைக்கின்றன. பார்மசியில் கேட்டு நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். கண்டி பெரியாஸ்பத்திரியில் சரும நோய் கிளினிக் இருக்கிறது, காசில்லை, ஒரு நாள் லீவு போட்டுப் போங்கள். ஃபினாஸ்டரைட்டில் சிலருக்கு ஆசை குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரும், அதை டொக்டரிடம் வெட்கப்படாமல் பேசவேண்டும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது. மினொக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடக் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள், மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும்.

இதை வாசிக்கும் அக்கா தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கொத்துக் கொத்தாகக் கொட்டினால் முதலில் இரத்தச்சோகையும் தைரொய்டும் பாருங்கள், அது வேறு பிரச்சினை, வேறு மருந்து. என் அம்மாவுக்குக் கொழுந்துக் கூடையின் கயிறு விழுகிற இடத்தில் முடி தேய்ந்தே போய்விட்டது, அது இழுவையால் வந்தது, நான் மேலே சொன்ன எந்த ட்ரயலும் அவருக்கானது இல்லை.

தம்பி இப்போது மூன்று வருடமாக மாத்திரையும் தடவும் மருந்தும் எடுக்கிறான். முன்நெற்றி திரும்பவில்லை, உச்சி அப்படியே நிற்கிறது. நீங்கள் கண்டிக்குப் போய் வந்ததும் டொக்டர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள், எழுதிக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.