பழைய வீட்டு உள்சுவரில் காரை உதிர்கிறது, சிமெண்ட் பூசலாமா?

நீங்கள் கேட்டது: தாத்தா காலத்து வீடு, கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்குக் காரை பொருமி உதிர்கிறது, கொத்தனார் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிடலாம் என்கிறார், செய்யலாமா?

வேண்டாம். அந்தக் காலச் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். உதிர்ந்த இடத்தை ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்தால் சுண்ணாம்புக் காரை. கீழிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். எங்கள் ஊர் வீட்டில் எப்போதோ நான்கடி உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஓதம் அதற்கு மேலே ஏறி, நன்றாக இருந்த பழைய காரையையும் உதிர்த்துவிட்டது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவருக்கு வெளியே மண் மேடாகி உள்தரையைவிட உயர்ந்திருக்கலாம், தாழ்வாரத் தண்ணீர் சுவரோரமே விழலாம், பின்பக்கம் குளியலறைக் குழாய் கசியலாம். இதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு.

அப்புறம் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். பொக்கையாகக் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுங்கள், கெட்டியாக இருப்பதைத் தொட வேண்டாம். (உள்ளே வயர் ஓடினால் மெயினை அணைத்துவிட்டு!) செங்கல் இடுக்கில் பொடிந்த சாந்தையும் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். சுவரைச் சில வாரம் காயவிட முடிந்தால் ரொம்ப நல்லது.

கலவைக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த மணல் மூன்று பங்கு. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கலவையில் சேர்த்த கடுக்காய், வெல்லம் எல்லாம் இந்தச் சின்ன ஒட்டுவேலைக்குக் கட்டாயமில்லை, ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். "ஒரு கை சிமெண்ட் போட்டால் சீக்கிரம் இறுகும் சார்" என்பார் கொத்தனார், அதற்கு மட்டும் மசியாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

பூசுவதற்கு முன் செங்கல்லை நனைத்து, நீர் சொட்டாத ஈரமாக வையுங்கள். ஆழமான பள்ளத்தில் செங்கல் சில்லு வைத்து அடையுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெடிக்கும். முதல் பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் கெட்டியாகும். அதனால் ஃபேனைப் போட்டுக் காயவைக்காதீர்கள். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கவிட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் வெள்ளையடித்தால் போதும். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஈரம் மறுபடி உள்ளே மாட்டிக்கொள்ளும். சுவரில் மிச்சமிருக்கும் உப்பு அடுத்த சில மாதங்களில் கொஞ்சம் வெளியே பூக்கும். பயப்பட வேண்டாம், பிரஷால் தட்டிவிட்டு அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கை வெள்ளையடியுங்கள்.