இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறுகிறதா? முதலில் போல்ட் இருக்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: பழைய சலூன் கார் ஒன்றை சர்க்யூட் பந்தயத்துக்குத் தயார் செய்கிறேன். ரோல் கேஜும் (கார் கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) பக்கெட் சீட்டும் போட்டாகிவிட்டது. இப்போது இருப்பது நான்கு முனை பெல்ட், அதாவது காரோடு நான்கு இடங்களில் சேர்வது. தோள் பட்டைகளைப் பின்சீட் பெல்ட்டுக்கென்று தரையில் இருந்த போல்ட்டுகளில் மாட்டியிருக்கிறேன். சில சுற்றுகளிலேயே பெல்ட் தளர்ந்தது போல இருக்கிறது. இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. ஆறு முனை பெல்ட் வாங்கினால் சரியாகிவிடுமா? நண்பர் ஒருவர் தன் பழைய பெல்ட்டைத் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: ஆறு முனை பெல்ட் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அதையும் இதே துளைகளில் மாட்டினால் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். எந்தக் கம்பெனி பெல்ட் என்பதைவிட அது காரோடு எங்கே, எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பதுதான் உங்கள் உடம்பைக் காப்பாற்றும். விலை உயர்ந்த பெல்ட்டைத் தவறான இடத்தில் மாட்டிய கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

முதலில் இடுப்புப் பட்டை ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். நான்கு முனை பெல்ட்டில் இரண்டு தோள் பட்டைகளும் இடுப்புப் பட்டையின் நடுவில் உள்ள பக்கிளில் வந்து சேர்கின்றன. தோளை இறுக்கும்போதெல்லாம் பக்கிள் மேலே வருகிறது, கூடவே இடுப்புப் பட்டையும் வருகிறது. அதைக் கீழே பிடித்து வைக்க எதுவும் இல்லை. நேருக்கு நேர் மோதும்போது இதுவே பல மடங்கு பலத்தோடு நடக்கும்: தோள் பட்டைகள் பக்கிளைத் தூக்க, இடுப்பு பட்டைக்கு அடியில் வழுக்கி முன்னால் போய்விடும். இடுப்பெலும்பு தாங்க வேண்டிய அடியைக் குடலும் கல்லீரலும் மண்ணீரலும் தாங்க நேரிடும். ஆறு முனை பெல்ட்டில் கூடுதலாக, தொடைகளுக்கு இடையே வரும் இரண்டு கவட்டுப் பட்டைகளின் வேலை இதைத் தடுப்பதுதான். ஐந்து முனையில் ஒற்றைப் பட்டை பக்கிளைக் கீழே பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. இரட்டைப் பட்டை தொடைகளின் இரு பக்கமும் விசையைப் பிரித்துத் தாங்கும். ஆணோ பெண்ணோ, ஆறு முனையே என் தேர்வு.

இனி தோள் பட்டை. உங்கள் காரில் உடனே மாற்ற வேண்டியது இதுதான். தரையில் இருக்கும் போல்ட்டுக்குப் பட்டை தோளிலிருந்து செங்குத்தான சரிவில் இறங்கிப் போகிறது. மோதலில் அது உடலைப் பின்னால் மட்டும் இழுக்காது, தோளைக் கீழ்நோக்கியும் அழுத்தும். 45 பாகைச் சரிவில் பட்டையின் இழுவிசையில் ஏறக்குறைய 70 சதவீதம் கீழ்நோக்கித் திரும்பிவிடும். அத்தனையும் முதுகெலும்பு நெடுக இறங்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சீட்டின் முதுகுப் பகுதி அந்த அழுத்தத்தில் வளைந்தாலோ உடைந்தாலோ பட்டை போகும் வழி குறுகி, திடீரென்று பெரிய தளர்வு கிடைக்கும். பட்டை நீளமாக இருப்பதும் நல்லதல்ல. நீளம் கூடக்கூட அது மோதலில் இழுபடும் அளவும் கூடும், தலை ஸ்டியரிங் பக்கம் அவ்வளவு நெருங்கும்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள் தோள் பட்டையின் சரிவு, சீட் முதுகின் மேல் விளிம்பில் கிடைமட்டத்திலிருந்து 45 பாகையைத் தாண்டக்கூடாது என்கின்றன, 10 பாகைக்குள் இருப்பதைப் பரிந்துரைக்கின்றன. அந்த 45ஐ எட்ட முயல வேண்டாம், அது எல்லைக்கோடு. ஹான்ஸ் போன்ற கழுத்துக் காப்பு அணிவதானால் 0 முதல் 20 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை தோளிலிருந்து மேல்நோக்கிப் போவதும் தவறு. அப்போது தோள் மேலே எழ இடம் கிடைத்துவிடும்.

உங்களிடம் ரோல் கேஜ் இருப்பதால் வழி எளிது. மெயின் ஹூப்பில் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் கேஜின் பெரிய வளைவுக் குழாய்), தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு குறுக்குக் குழாய் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஏ. விதிப்படி அது தையலில்லாத எஃகுக் குழாயாக, 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் (அல்லது 40-க்கு 2) குறையாமல் இருக்க வேண்டும். பட்டையை அதில் சுற்றி மூன்று கம்பி ஸ்லைடு பக்கிளில் நுழைத்துத் திரும்ப மடக்கி நுழைக்க வேண்டும். ஒரு முறை மட்டும் நுழைத்துவிட்டால் அது வழுக்கி வெளியே வரும். ஸ்லைடு குழாயை ஒட்டி நிற்கட்டும், மிச்ச வால் ஒரு சாண் அளவுக்காவது தொங்கட்டும். பட்டை குழாயில் பக்கவாட்டில் நகராதபடி தடுப்பு வைத்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் இரு பட்டைகளும் சீட்டின் நடுக்கோட்டிலிருந்து 20 பாகைக்கு மேல் விரியவோ குவியவோ கூடாது. ஹான்ஸ் இருந்தால் கழுத்தை நோக்கி லேசாகக் குவிவது நல்லது, பட்டை அதன் மேலிருந்து நழுவாது.

இடுப்புப் பட்டை, நிமிர்ந்து உட்காரும் சீட்டில், கிடைமட்டத்திலிருந்து 45 முதல் 65 பாகைக்குள் பின்னால் கீழே இறங்க வேண்டும். சீட்டின் பக்கவாட்டுத் துளை வழியே விளிம்பில் உரசாமல் போகட்டும். பட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் அந்தத் துளைக்குள் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கக்கூடாது என்பதை மறக்காதீர்கள். அட்ஜஸ்டர் கோணலாக இழுபட்டால் பட்டை ஒரு ஓரமாகக் குவிந்து, விசை முழுதும் அந்த ஓரத்தில் விழுந்து கிழியும். அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தில் இறந்தபோது அவருடைய இடது இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. அதற்குக் காரணம் இப்படிப் பட்டை ஒரு பக்கம் குவிந்ததுதான் என்றது அந்தப் பந்தயத்தை நடத்திய நாஸ்கார் அமைப்பு அந்த ஆண்டு வெளியிட்ட விசாரணை அறிக்கை.

கவட்டுப் பட்டைகளைப் பலர் சீட்டுக்கு முன்னால் மாட்டிவிடுகிறார்கள். மார்பின் கோட்டைக் கீழே நீட்டினால் தரையில் எங்கே தொடுமோ, அதற்குச் சற்றுப் பின்னால் அவற்றின் போல்ட் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் இடுப்பு முன்னேறிய பிறகுதான் பட்டை இறுகும்.

தரையில் துளை போடும் இடங்களில் தகடு மட்டும் தாங்காது. அடியில் 3 மி.மீ. தடிமனும் 40 சதுர செ.மீ. பரப்பும் குறையாத எஃகுத் தகடு கொடுங்கள். போல்ட் எம்12, 8.8 தரம், அல்லது 7/16 அங்குல யு.என்.எஃப். ஒவ்வொரு இணைப்பும் 1470 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ. கணக்கு. கவட்டுப் பட்டைக்கு 720 டெக்காநியூட்டன். சீட்டிலோ சீட் தாங்கியிலோ பெல்ட்டை மாட்டுவதற்கு அனுமதியே கிடையாது. ஐ போல்ட்டும் (தலையில் வளையம் உள்ள போல்ட்) கொக்கியும் உள்ள பெல்ட் என்றால், ஐ போல்ட் வளையும் திசையில் இழுபடாதபடி திருப்பி வையுங்கள், கொக்கியின் பூட்டில் ஊசியும் போடுங்கள்.

இனி கடையில் என்ன கேட்பது? உங்கள் போட்டியின் விதிப்புத்தகம் எஃப்.ஐ.ஏ. 8853-2016 தரச் சான்று கேட்கிறதா, அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் சான்று போதுமா என்று முதலில் பாருங்கள். ஹான்ஸ் அணிவீர்கள் என்றால் தோளில் 2 அங்குலப் பட்டை அதன் மேல் நன்றாகப் படியும். ஹான்ஸ் இல்லாமல் ஓட்டும் வாய்ப்பிருந்தால் 3 அங்குலம். ஹான்ஸுக்கென்றே அங்கீகரித்த 2 அங்குலப் பட்டையை ஹான்ஸ் இல்லாமல் போடக்கூடாது. பக்கிள் திருகித் திறக்கும் வட்ட வகையாக இருக்கட்டும், ஒரே திருப்பலில் எல்லாப் பட்டையும் விடுபடும். குறுகலான பக்கெட் சீட்டில் கை கீழே போகாது, அதனால் இடுப்புப் பட்டைக்கு மேல்நோக்கி இழுக்கும் அட்ஜஸ்டர் கேளுங்கள். நிறத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மாட்டும்போது வரிசை முக்கியம். பந்தய உடை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, பிட்டம் சீட்டின் மூலையில் அழுந்தும்படி உட்காருங்கள். முதலில் இடுப்புப் பட்டை: இடுப்பெலும்பின் முன் முனைகளுக்குக் கீழே, தொடை மடிப்பை ஒட்டி, வலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். அப்புறம் கவட்டுப் பட்டைகள், தளர்வில்லாமல். கடைசியில் தோள் பட்டைகள், இரண்டையும் சமமாக. தோளை இறுக்கியதும் பக்கிள் தொப்புளை நோக்கி ஏறினால் கவட்டுப் பட்டை நீளம் என்று அர்த்தம், அதைக் குறைத்து ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள். சில சுற்றுகளில் தளர்வதாகச் சொன்னீர்கள் அல்லவா? பெரும்பாலும் பெல்ட் தளர்வதில்லை. பிட்டம் மூலைக்குப் போகாமல் உட்கார்ந்து இறுக்கியிருப்பீர்கள், சீட்டின் மெத்தையும் அழுந்தியிருக்கும், அதிர்வில் உடல் கீழே இறங்கி இடைவெளி விழுந்திருக்கும். கனமான ஃபோம் மெத்தை இருந்தால் எடுத்துவிட்டு உங்கள் முதுகுக்கு அச்செடுத்த கடின ஃபோம் போடுங்கள். அதன் பிறகும் தளர்ந்தால் அட்ஜஸ்டர் வழுக்குகிறதா என்று பட்டையில் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள்.

நண்பரின் பெல்ட் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. எஃப்.ஐ.ஏ. பெல்ட்டில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று லேபிளிலேயே இருக்கும், எஸ்.எஃப்.ஐ. 16.1 பெல்ட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து 2 ஆண்டு. தேதி மிச்சமிருந்தாலும், ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட்டின் நூல் ஏற்கெனவே நீண்டிருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெயிலும் பேட்டரி அமிலமும் கூட அப்படித்தான் உள்ளுக்குள் அரிக்கும். அந்தக் காரின் வரலாறு முழுக்க உங்களுக்குத் தெரியாத வரை அதைத் தொட வேண்டாம். குறுக்குக் குழாய்க்கும் புது பெல்ட்டுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை என்றால் அடுத்த போட்டியைத் தள்ளிப்போடுங்கள், இரண்டையும் முடித்த பிறகு காரை டிராக்கில் இறக்குங்கள்.